வடைச்சட்டிக்குள் நிலா

சகலரும் அறிவது யாதெனில், கெட்டுப்போன எண்ணெயின் ஒளியைக் காட்டும் அரசுக் கண்ணாடி இன்று முதல் மாவட்டமெங்கும் பவனி வருகிறது. ஒளிரும் கடைக்குச் சீல் வைக்கப்படும்.

முதல் பவனி சங்கரபாண்டியின் வடைக்கடைக்கு.

"சட்டிய ஒருநாளும் காலி பண்ண மாட்டேம்மா, லட்சுமி போயிரும். பழசு மேலயே புதுசு ஊத்துவேன். ஆனா எண்ணெய் தங்கம்!"

"நீங்களே பாருங்கண்ணே." அதிகாரி மரியபுஷ்பம் கதவைச் சாத்திவிட்டு அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

சட்டிக்குள் முழுநிலவு கிடந்தது. இருபது வருடமாகச் சுவரில் தெறித்த ஒவ்வொரு துளியும் நட்சத்திரமாக மினுங்கியது. தன் பத்து விரல்களும் ஒளிர்வதைக் கண்டு சங்கரபாண்டி கைகூப்பினார்.

"நம்ம கடையாம்மா இது? கோயில் மாதிரில்ல இருக்கு!"

அதிகாரியும் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, சுவர் சுவராக வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கடைக்குச் சீல் வைத்தார்.