மேடம் மகளுக்கு ஒரு சைக்கிள்

“மலையே இல்லாத தூத்துக்குடியில மலைச் சைக்கிளுக்கு இருபத்தோரு கியர் எதுக்குங்க?” என்று சைக்கிள் கடையில் ஷெர்லின் மேடம் சிரித்தபோது, செந்தில்முருகனுக்கு முகம் சுளிக்கத் தோன்றியது. வாங்கப்போவது ஓசியில். அதில் கேள்வி வேறு.

“கரெக்டுதான் மேடம்” என்று அவனும் சிரித்து வைத்தான்.

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களை முதலாளிகளுக்காக வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் அவன். மேடம், அந்தப் பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முந்திரிக்கொட்டைப் பெட்டி ஒன்று, மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியதோடு ஒன்பது நாளாக உள்ளேயே கிடந்தது. நாளைக்குள் வராவிட்டால் வேறு ஏஜென்ட் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். செந்தில்முருகன் வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஒரு முதலாளியை நம்பித்தான்.

நேற்று மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றான். ஃபைலிலிருந்து தலையைத் தூக்கியவர், “உங்க பையன் மவுண்டன் பைக் ஓட்டுறானாமே, எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டார்.

பதினெட்டு வருஷத் தொழிலில் இந்த மாதிரிக் கேள்விக்கு அவன் கண்ட அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். முன்பு இருந்த அதிகாரி ஒருவர், “நல்ல ஃப்ரிட்ஜ் எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டார். மறுநாள் அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இறங்கியது; அன்றைக்கே பெட்டி வெளியே வந்தது. கடைப் பெயரைக் கேட்டால் கடைக்குக் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான்.

“நானே கூட வாரேன் மேடம்” என்று சொல்லிவிட்டான்.

இன்று சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிஷம் கழித்துத்தான் மேடம், பத்து வயது மகளோடு கடைக்கு வந்து சேர்ந்தார். “சாரிங்க, கிளம்புற நேரத்துல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. முடிச்சிட்டு வர வேண்டியதாப் போச்சு” என்றார். காக்க வைப்பதும் இவர்களுக்குப் பழக்கம்தானே என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கடைக்காரர் ரோச் அண்ணாச்சி, பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஒயரத்துக்கு இருவத்துநாலு இஞ்சு வீல் சரியா இருக்கும் மேடம்.”

“அந்த டபுள் சஸ்பென்ஷன் வண்டிய இறக்குங்க அண்ணாச்சி. டிஸ்க் பிரேக்கு, அலாய் ரிம்மு” என்றான் செந்தில்முருகன்.

பாப்பாவால் அதை நிமிர்த்தவே முடியவில்லை. மேடம் தலையை ஆட்டினார். “கனமா இருக்கு. முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் போதும், ஏழு கியர் போதும். எட்டாயிரத்துக்குள்ள காட்டுங்க.”

அண்ணாச்சி நீல வண்டி ஒன்றை உருட்டி வந்தார். மேடம் தரையில் உட்கார்ந்து, மகளின் இரண்டு காலும் ஊன்றுகிறதா, பிரேக்குக்கு அவள் விரல் எட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பி, “உப்புக் காத்துல உங்க பையனோட செயின் துருப்பிடிக்கலையா?” என்றார்.

“வாரம் ஒருக்கத் தொடச்சு எண்ணெய் விட்டாப் போதும் மேடம்.”

சொல்லும்போதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்தவன் காசில் வாங்குகிறவளுக்கு எட்டாயிரம் என்று ஒரு கணக்கு! கையும் நீட்ட வேண்டும், யோக்கியமாகவும் தெரிய வேண்டும். அந்த ஃப்ரிட்ஜ்காரராவது வெட்கமில்லாமல் டபுள் டோர் கேட்டார். இந்தம்மா பெற்ற பிள்ளையையே கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறாளே என்று நினைக்க, எங்கேயாவது போய்த் துப்பிவிட்டு வரலாம் போலிருந்தது.

பாப்பா நீல வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்க்க, மேடம் பின்னாலேயே போனார். அவன் கல்லாவுக்கு வந்தான்.

“அண்ணாச்சி, அந்தப் பெரிய வண்டிக்கே பில்லு போடுங்க. பதினெட்டாயிரம் நான் அனுப்புதேன்.”

“பாப்பா நீலத்தத்தானல்லா கேக்கு?”

“அவுக வாயி எட்டுன்னுதான் சொல்லும், மனசு பதினெட்டுன்னு சொல்லும். நான் பாக்காத ஆபீசரா?”

செல்போனில் பணத்தைத் தட்டினான். கல்லாமேல் இருந்த ஸ்பீக்கர், ‘பதினெட்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது. அப்போதுதான் படியேறிய மேடம் அப்படியே நின்றார். அவர் கையில் எண்ணி எடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன.

“இது யாரு குடுத்தது?”

“சார்தான் குடுத்தாவ மேடம்” என்றார் அண்ணாச்சி.

செந்தில்முருகன் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினான். “நமக்குள்ள என்ன மேடம்? அந்த முந்திரிக்கொட்டைப் பெட்டிய மட்டும் நாளைக்கு விட்டுருங்க.”

மேடத்தின் முகம் கோணியது. எதையோ மிதித்துவிட்டவர் போல ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார். கையிலிருந்த நோட்டுகளைக் கல்லாவில் வைத்து, “நீல வண்டிக்கு பில் போடுங்க. இவர் பணத்தை இவருக்கே அனுப்பிருங்க” என்றார்.

பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

“வரும்போதுதான் உங்க பெட்டியோட ரிப்போர்ட்டைப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன், இப்ப பெட்டியையே திறந்து பாக்கணும்.”