பேச்சைக் கேட்காத வேர்

முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. செங்கேணி தொட்டி மண்ணை விரலால் கிளறுகிறாள். அழுகல் வாடை குப்பென்று வருகிறது. ஏழு வருஷம் அவள் சமைத்துப்போட்ட பிரெஞ்சுக்கார மதாம், மூன்று மாதத்துக்கு முன் பிரான்சுக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன ஆர்க்கிட் செடி இது. அப்போது மரக்கட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. "மண்ணு வேணாம், காத்து போதும்" என்று மதாம் இரண்டு தரம் சொன்னார். அந்தரத்தில் ஆடிய வேர்களைப் பார்க்க இவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. செம்மண்ணும் சாணி எருவும் கலந்து நட்டாள், இருவேளையும் தண்ணீர் ஊற்றினாள். இப்போது தொட்ட வேரெல்லாம் ஊறிய தோல் மாதிரி உரிந்து கையோடு வருகிறது.

"அவங்கதான் சொல்லிட்டுப் போனாங்களே?" என்கிறான் மில்லுக்குக் கிளம்பி நிற்கும் புருஷன் வைத்திலிங்கம்.

"சொன்னாங்க. நம்ம மண்ணப் பத்தி அவங்களுக்கு என்னா தெரியும்னு நெனச்சிட்டேன்."

தொட்டி விளிம்பைத் தாண்டி ஒரே ஒரு வேர் வெளியே நீண்டிருக்கிறது, வெளுப்பாக, நுனியில் பச்சையோடு. அவள் தினமும் மண்ணுக்குள் தள்ளிவிட, தினமும் வெளியே வந்த வேர். அது மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.