உப்புநீர்க் கிண்ணம்

வளரும் நரம்பணுக்களின் நுனிகள் தமக்கு உகந்த புரதம் இருக்கும் பக்கமாகவே நீளும். ஆய்வாளர் அம்மையார் அந்தப் புரதத்தை ஒரு கிண்ணத்தின் ஓரத்தில் விட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொன்றில் வெறும் உப்புநீரை விட்டார். உப்புநீரில் நுனிகள் மூலைக்கொன்றாகச் சிதற வேண்டும். அவையோ ஒன்றுவிடாமல் அம்மையாரின் நாற்காலியை நோக்கி வளர்ந்திருந்தன.

"நீதானே புரதத்தக் கலந்த? இத்தன வருஷ உழைப்புல மண்ணப் போடாதப்பா!" என்று சக ஆய்வாளரிடம் சீறினார் அம்மையார்.

"நான் தொடவே இல்லக்கா. அதுங்களுக்கு உங்க மேல பாசம்போல," என்று சிரித்தார் அவர்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, மறுநாள் விடுப்பு எனச் சொல்லிவிட்டு, அம்மையார் அன்று ஆய்வகத்தின் பின்வாசல் வழியே ஓசைப்படாமல் நுழைந்தார். நுண்ணோக்கியில் குனிந்திருந்த சக ஆய்வாளர் நிமிரவே இல்லை.

"வாங்கக்கா," என்றார். "இப்பதான் எல்லாம் பின்வாசல் பக்கம் திரும்புச்சு."