கடைசி ஐந்து

சுடுவதற்காக எதிரே நிறுத்தியிருந்த காகித மனிதனின் நெஞ்சில் ஓர் ஓட்டைகூட இல்லை. தோளில், தொடையில், காதோரத்தில் என்று கண்டபடி விழுந்திருந்தன. மற்ற குண்டுகளைப் பின்னாலிருந்த மண்மேடு விழுங்கிவிட்டது.

“இருபதுல பதிமூணு,” என்றார் துப்பாக்கிப் பயிற்சியாளர் டஃபோயா. “இன்னும் அஞ்சு பாக்கி. அஞ்சும் பட்டா பாஸ். ஒண்ணு தப்பினாலும் அடுத்த வகுப்புதான், மகளே. செப்டம்பர்ல வா.”

செப்டம்பர் என்றதும் மரிசெலா மனசுக்குள் மாதங்களை எண்ணினாள்.

அவள் புருஷன் எலோய் ஆகஸ்டில் சிறையிலிருந்து வெளியே வருகிறான்.

வந்தால் சும்மா இருக்க மாட்டான். நீதிமன்றத்திலேயே, கையில் விலங்கோடு, எல்லோர் முன்னாலும் திரும்பிப் பார்த்து வந்ததும் உன்னைத் தீர்த்துக்கட்டுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் வேலை பார்ப்பது நெடுஞ்சாலை ஓரத்துச் சலவைக் கடையில். அங்கே அவள் மட்டும்தான். கைப்பைக்குள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். உரிமத்துக்கு இந்தத் தேர்வில் தேற வேண்டும். போன தடவை தோற்றுவிட்டாள். இந்தத் தடவையும் விசையை அழுத்தும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொண்டது.

இதெல்லாம் போதாதென்று பக்கத்திலேயே, அடுத்த காகிதத்துக்கு எதிரே, ரமோனா வேறு நின்றாள்.

ரமோனா எலோயைப் பெற்றவள். மரிசெலாவின் மாமியார். அவன் மேல் நடந்த வழக்கில் கூண்டில் ஏறி, என் பிள்ளை ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்று கூசாமல் சொன்னவள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு அறுந்துபோயிற்று. மளிகைக் கடையில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தக் கிழவிக்கு இந்த வகுப்பில் என்ன வேலை? செத்துப்போன புருஷனின் ரிவால்வரால் கோழிக்கூட்டில் புகும் கொயோட் நரியை அடுப்படி ஜன்னலிலிருந்தே சுட்டு வீழ்த்துகிறவள். உரிமம் வாங்கி எந்தக் கைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறாள்? காலையிலிருந்து வகுப்பறையில் முன்வரிசையில் உட்கார்ந்து, பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டியைத் தின்றுகொண்டு, திரும்பித் திரும்பி மரிசெலாவையே பார்த்தாள்.

வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போவாள். உன் பெண்டாட்டி துப்பாக்கி பழகுகிறாள், ஆனால் சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று பிள்ளையிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். மரிசெலாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“வரிசை தயார்! சுடலாம்!”

மரிசெலா தோட்டாக் கூட்டைத் துப்பாக்கியில் செருகினாள். அதற்கு மேல் கை வரவில்லை. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் குண்டு உள்ளே ஏறும். இழுக்க விரலில் வலு இல்லை. எதிரே காகிதத்தில் நிற்பவனுக்கு முகம் கிடையாது, ஆனாலும் அவன் எலோய்தான். கடவுளே, ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். விரல் கேட்கவில்லை.

சுற்றிலும் வெடித்தது. டஃபோயா வரிசையின் மறுகோடியில் ஒரு பருத்த ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்றது.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது. செருகிய கூட்டை அப்படியே உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியை டஃபோயாவிடம் காட்டினாள். செப்டம்பர் வரை உயிரோடு இருந்தால் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

எல்லோரும் காகிதத்தை நோக்கி நடந்தார்கள்.

“அடியாத்தி!” என்றார் டஃபோயா. “இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?”

காகித மனிதனின் நெஞ்சில் ஐந்து ஓட்டைகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஒரு டார்ட்டியா ரொட்டியைப் போட்டு மூடிடலாம் போல. பதினெட்டு! பாஸ்!” அவர் காகிதத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். “உனக்கு என்ன ஆச்சு ரமோனாம்மா? முதல் இருபதும் நடுநெஞ்சுல. கடைசி அஞ்சுல ஒண்ணுகூடக் காணோமே, எங்க போச்சு?”

“வயசாச்சுப்பா. கண்ணு மங்குது,” என்றாள் ரமோனா.

“கொயோட்டுங்க கேட்டா சந்தோஷப்படும்,” என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

மரிசெலாவின் சட்டைப் பையில் சுடாத ஐந்து குண்டுகளும் கனத்தன. அவள் கிழவியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பழைய பழக்கத்தில் “அத்தை” என்று மட்டும்தான் வந்தது.

ரமோனா தன் காகிதத்தை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். மரிசெலாவின் காகிதத்தையும் கழற்றினாள். அந்த ஐந்து ஓட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அதையும் மடித்து மருமகளின் கையில் திணித்தாள்.

“முன்வாசலையே பாத்துக்கிட்டு நிக்காதே,” என்றாள், முகத்தைப் பார்க்காமல். “அவன் பின்வாசல் வழியாத்தான் வருவான். சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான்.”