இடுப்பெலும்பு

அரிசோனாப் பாலைவனத்தில் வெயில் சாய்கிறது. சீமைக்கருவேலத்தின் அடியில், மணலில் பாதி புதைந்த இடுப்பெலும்பின் முன் நோயெமி மண்டியிட்டிருக்கிறாள். எல்லை தாண்டி வந்தபோது இந்த வழியில் காணாமல் போன அண்ணன் ரமீரோவைத் தேடுவதற்காகவே, பகலில் சலவைக்கடையில் துணி மடித்துவிட்டு, மாலையில் சமூகக் கல்லூரிக்குப் போய் எலும்புகளை அடையாளம் காணக் கற்றுத்தரும் மானுடவியல் படித்தவள் அவள். தேடும் குழுவினர் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் தூரத்திலிருந்து காற்றில் வந்து வந்து போகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா ஓஃபேலியாவின் கையில் குடுவை சரிந்து, தண்ணீர் அவள் செருப்பின் மேல் சொட்டுகிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நோயெமி எலும்பைத் தொடவில்லை. அதன் பின்பக்க வளைவு அகலமாக விரிந்திருக்கிறது. பார்த்த கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

"அவன்தானேடி?"

"இல்லம்மா. இது ஒரு பொம்பளை."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேம்மா."

"இதுக்குத்தான் படிச்சியா? ஒவ்வொரு தடவையும் இல்ல, இல்லன்னு சொல்றதுக்கா?"

ஓஃபேலியா மெல்ல அருகில் குந்துகிறாள். குரல் தாழ்கிறது. "அவன்தான்னு சொல்லிடேன் கண்ணு. கொண்டுபோய்ப் புதைச்சிட்டு நான் படுத்துத் தூங்கறேன்."

"இவளையும் ஒரு அம்மா தேடிக்கிட்டிருப்பாம்மா."

ஓஃபேலியா எலும்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தேடட்டும்," என்கிறாள். "நான் தேடலையா?"

நோயெமி எழுந்து, குழுவினர் கண்ணில் படும்படி உயரக் கிளையொன்றில் ஆரஞ்சு நாடாவைக் கட்டுகிறாள். முடிச்சு நழுவுகிறது. மறுபடி கட்டுகிறாள்.