திறக்காத கியர்பாக்ஸ்

"கியர்பாக்ஸ் உடைஞ்சு கெடக்கு கொமாத்ரே. இந்த வாரம் பூரா நான் வண்டியே எடுக்கல. பையன நான் எங்க பாக்குறது?"

"பாத்தா சொல்லுங்க கொம்பாத்ரே. ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டான்."

பையன் காணாமல்போன அன்று, ஜீப்காரர் லிசாந்த்ரோவும் ரொசால்பாவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவள் மகன் வில்மாருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். அதனால்தான் அந்தக் கொமாத்ரே, கொம்பாத்ரே என்கிற முறைப்பேச்சு.

வில்மார் திரும்பவில்லை. துப்பாக்கிக்காரர்கள் மேல்மலைக்குக் கூட்டிப்போன யாரும் இறங்கி வந்ததில்லை.

அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயருக்கும் ஒரு குழி உண்டு. அதற்குள் இருப்பது ஒரு சட்டையும் ஒரு ஜோடி பூட்ஸும். அங்கே வைக்க அவனுடைய எலும்பு ஒன்றாவது கிடைக்க வேண்டும். ரொசால்பாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலையும் நேரத்தில், தேவாலயத்துக்கு எதிரே லிசாந்த்ரோவின் பச்சை டொயோட்டா நின்றுகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து பளபளக்கும் இரண்டு காலணிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்தவர். பழைய லேண்ட் க்ரூஸர்களைத் தேடித்தேடி வாங்கிச் சேர்க்கிறவர். அவருடைய கூடத்தில் ஏற்கெனவே நான்கு நிற்கின்றனவாம். மழை படாமல், சேறு படாமல்.

இந்த வண்டி காபி மூட்டை ஏற்றியிருக்கிறது. பன்றி ஏற்றியிருக்கிறது. வலி எடுத்த பெண்களையும் சவப்பெட்டிகளையும் ஏற்றியிருக்கிறது. மேல்மலைப் பாதையில் வேறெந்த வண்டியும் பாதி தூரம்கூடப் போனதில்லை.

இன்று சாவி கைமாறிவிடும். நாளை லிசாந்த்ரோவும் மகள் வீட்டோடு இருக்க நகரத்துக்குப் போய்விடுவார்.

ரொசால்பா வாழைக்குலையைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் ஓரமாக நின்றாள். வில்மார் போனதிலிருந்து லிசாந்த்ரோ அவளிடம் கட்டணம் வாங்கியதே இல்லை. முன் சீட்டில் பாதிரியாரே உட்கார்ந்திருந்தாலும் பின்னால் அனுப்பிவிட்டு அவளை ஏற்றிக்கொள்வார்.

"எல்லாம் சரி," என்று வண்டிக்கு அடியிலிருந்து பொகோட்டாக்காரரின் குரல் வந்தது. "கியர்பாக்ஸ எப்பவாவது பிரிச்சு வேலை பாத்திருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க. பிரிச்சதுன்னா எனக்கு வேண்டாம்."

லிசாந்த்ரோவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் பொண்டாட்டிக்கு ரெண்டு ஆபரேஷன் ஆயிருச்சு சார். இவளுக்கு இன்னும் கத்தி படல! ஜப்பான்காரன் முடுக்கினதுக்கப்புறம் அந்த நட்டுல ஒருத்தன் கை வைக்கல. நீங்களே பாத்துக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பொகோட்டாக்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சந்தோஷம்.

"நட்டு மேல கம்பெனி பெயிண்ட்கூட உரியல," என்றார். "வாழ்நாள்ல ஒரு தடவகூட இது உடைஞ்சதில்ல."

லிசாந்த்ரோ தலையாட்டிக்கொண்டே திரும்பினார். ரொசால்பா நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

கியர்பாக்ஸ் உடையவே இல்லை என்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லை. வில்மாரைக் கூட்டிப்போன அந்த விடியற்காலையில் இந்த எஞ்சின் மேல்மலை ஏறிய சத்தத்தை அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருந்தாள். திரும்பி இறங்கிய சத்தத்தையும் கேட்டிருந்தாள். அந்தச் சரிவில் இருந்த எல்லோரும்தான் கேட்டார்கள். பின்மண்டையில் துப்பாக்கி இருந்தால் எவனும் ஓட்டத்தான் செய்வான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கிக்காரர்கள் இருந்த வரைக்கும் அவள் பயத்தில் மறுபடி கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு வேறொரு பயம். இரண்டாவது தடவையும் லிசாந்த்ரோ வண்டியே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் கேட்க யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பொகோட்டாக்காரர் சாவிக்காகக் கை நீட்டினார்.

லிசாந்த்ரோ கொடுக்கவில்லை. சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

ரொசால்பா கதவைத் திறந்து தன்னுடைய முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணாடி வழியே மலையைப் பார்த்தபடி, பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கொம்பாத்ரே, யாரு செஞ்சா, எதுக்குச் செஞ்சான்னு நான் கேக்கமாட்டேன். என் புள்ளைய நீங்க இறக்கிவிட்ட எடத்துல, என்னையும் கொண்டுபோய் இறக்கிவிடுங்க."