எதிர் நாற்காலி

ஓட்டலில் மதியக் கூட்டம். ஜன்னலோர மேசையில் நர்ஸம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "கூட வர்றவங்க வரட்டுங்களா?" என்று சர்வர் கேட்க, "நான் மட்டும்தாங்க" என்கிறாள். மற்ற மூன்று தம்ளர்களையும் அவர் கணகணவென்று அள்ளிக்கொண்டு போகிறார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைக் குடும்பம் மொத்தமும் திரும்பி, அவளையும் காலி நாற்காலிகளையும் பார்க்கிறது. கணவர் இறந்துபோன பிறகு வீட்டில் அவள் அடுப்பு மேடையருகே நின்றபடியேதான் சாப்பிடுகிறாள். நாலு முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான் இன்று வந்தாள். சாப்பாடு வந்துவிட்டது, கை போகவில்லை. "இங்க உட்காரலாமாக்கா?" என்றபடி பெயிண்டடிக்கும் பெண் ஒருத்தி எதிரே அமர்கிறாள். நகக்கண்ணெல்லாம் நீலம். மளமளவென்று சாப்பிடுகிறவள் நடுவில் நிமிர்கிறாள். "என்னக்கா, அப்படியே வச்சிருக்கீங்க? ஆறிடப் போகுது, சாப்பிடுங்க." நர்ஸம்மாவுக்குக் கண் கலங்குகிறது. குனிந்து ஒரு வாய் எடுத்து வைக்கிறாள், இன்னொரு வாய். எதிர்த் தட்டு காலியாகப் போகிறது. அந்தப் பெண் கைகழுவ எழப்போகிறாள். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோயேம்மா," என்கிறாள் நர்ஸம்மா அவசரமாக, "அப்படியென்ன அவசரம்?"